ஒரு மில்லிமீட்டரின் விலை



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஐப்பசி பிறந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை நம் பக்கத்து மலைச்சரிவில் இறங்கத் தொடங்கியிருக்கும். போடிநாயக்கனூருக்கு இது ஓய்வில்லாத காலம். மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும். கீழே ஏலக்காய்க் கடைகளிலும் ஏல மையத்திலும் கூட்டம் குறையாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற மலைச்சாலை மட்டும் நாள் முழுக்க நனைந்து கிடக்கும். வேலையும் மழையும் ஒன்றாக உச்சத்துக்கு வரும் இந்த மாதங்களை மனத்தில் வைத்து, இந்த முறை டயரைப் பற்றி எழுதுகிறேன்.

விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும், சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் போன்ற ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறி நெருக்கி உட்காருகிறார்கள். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் பகல் முழுவதும் குனிந்து காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே வண்டியில் மலை இறங்குகிறார்கள். கம்பம் பகுதியிலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போகிறவர்களின் அன்றாடமும் இதுதான். இவர்களில் ஒருவர்கூட அந்த வண்டியின் டயரைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. எந்த வருடத்து டயர், எவ்வளவு தேய்ந்தது, காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்கும் இடத்திலும் அவர்கள் இல்லை. உள்ளே உட்காருகிறவருக்காக டயரைத் தேர்ந்தெடுப்பவர் வேறொருவர். அவர் வண்டி உரிமையாளராக இருக்கலாம், தோட்டக்காரராக இருக்கலாம், குடும்பத்தோடு மூணாறு போகும் அப்பாவாகவும் இருக்கலாம். இந்தப் பக்கம் அவருக்காகவே.

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசம். மெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறு வரை சாலை இப்போது நன்றாக அகலப்படுத்தப்பட்டிருக்கிறது. அகலமான சாலையில் பழகிய வேகத்தோடு மெட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறவருக்கு முதல் இரண்டு மூன்று வளைவுகள் ஆபத்தானவை.

ஏறும்போது உழைப்பது என்ஜின். இறங்கும்போது பாரம் முழுவதும் பிரேக்கின் மேலும் டயரின் மேலும் விழுகிறது. இரண்டு டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் அரை லிட்டர் டீசலை எரித்தால் வரும் வெப்பத்துக்குச் சமம். அந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ இறங்கினால் என்ஜினே பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் அவ்வளவும் பிரேக்கில் இறங்கும். அங்கிருந்து ரிம்முக்கும் ரிம்மிலிருந்து டயருக்கும் பரவும். பழைய டயர், குறைந்த காற்று, அதிக பாரம், சூடான ரிம் ஆகிய நான்கும் ஒரே வண்டியில் சேர்ந்துவிட்டால் டயர் வெடிப்பதை விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

அடுத்தது பிடிமானம். ஒரு காரின் டயர் சாலையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நான்கு டயருக்கும் சேர்த்து நான்கு உள்ளங்கை அகலம். அந்தத் தொடுதலில் கிடைக்கும் பிடிமானத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. பிரேக் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், வளைவு இன்னொரு பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து எல்லையைத் தாண்டினால் வண்டி வழுக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மலை டிரைவர்கள் வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, வளைவுக்குள் ஸ்டியரிங்கை மட்டும் நம்புகிறார்கள். கோடை முழுவதும் சாலையில் படிந்த தூசியும் எண்ணெயும் முதல் மழையில் கலந்து வழவழப்பாகும்போது அந்த எல்லை இன்னும் சுருங்குகிறது. மழை வலுத்தால் வேறு சிக்கல். டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளினால்தான் ரப்பர் தாரைத் தொடும். பள்ளம் ஆழமில்லாமல் போனால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

போடி மக்களுக்கு மில்லிமீட்டரைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, 7 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 8 மில்லிமீட்டர் காய்க்கு வேறு விலை என்று பேசும் ஊர் இது. புதிய கார் டயரின் பள்ளமும் பெரும்பாலும் 8 மில்லிமீட்டரையொட்டித்தான் இருக்கும். அது 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால் அந்தக் காரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். காயில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் உடனே கண்டுபிடிக்கும் கண், டயரில் ஐந்து மில்லிமீட்டர் தேய்ந்த பிறகும் “இன்னும் ஒரு சீசன் தாங்கும்ணே” என்கிறது. ஏலக்காய் விலை ஏறட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறது. இந்தப் பேச்சை நாம் விட்டாக வேண்டும்.

தேய்மானத்தை அறியக் கருவிகூட வேண்டியதில்லை. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று காட்ட, பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ போட்டிருப்பார்கள். பள்ளங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் ரப்பர்ப் பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. நம் மலைக்கு அதுவரை காத்திருப்பது சரியல்ல. மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரோடு மெட்டு ஏற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உள் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். அலைன்மெண்ட் தவறிய வண்டியில் வெளிப்பக்கம் நன்றாகத் தெரியும், உள்பக்கம் மொட்டையாகியிருக்கும்.

இனி, புதிய டயர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன் டயரே நம்மிடம் நிறையச் சொல்கிறது. அதன் பக்கச்சுவரைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

185/65 ஆர்15 88எச் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆர் என்றால் ரேடியல் டயர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 88தான் பலர் கவனிக்காமல் விடும் எண். அது பாரக் குறியீடு. அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். எச் என்பது வேக எல்லை, மணிக்கு 210 கிலோமீட்டர். மலையில் நமக்கு அந்த வேகம் எதற்கும் உதவாது. ஆனால் பாரக் குறியீடு உயிருக்குச் சமம். வண்டி நிறுவனம் சொன்ன எண்ணைவிடக் குறைந்த பாரக் குறியீட்டில், விலை மலிவு என்பதற்காக ஒரு டயரை மாட்டினால், ஆள் ஏறிய மறுநிமிடமே அது தன் வலுவுக்கு மீறி உழைக்கத் தொடங்குகிறது. வண்டிக்கு உரிய அளவும் பாரக் குறியீடும் காற்றழுத்தமும் பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கின்றன. கடைக்குப் போகும்முன் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வயது. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். இறுகும், விரிசல் விடும், பிடிமானம் குறையும். புதியது என்று விற்கப்படும் டயர் கிடங்கில் நெடுநாள் கிடந்ததா என்பதை இந்த நான்கு எண்கள் சொல்லிவிடும். தள்ளுபடி விலைக்கு வரும் டயரில் இதை முதலில் பாருங்கள். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தேயாமல் பின்னால் தொங்கும் ஸ்டெப்னிதான் பல வண்டிகளில் எல்லாரையும்விட மூத்த டயர்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். அதற்கு மேல் இன்னொரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. டயர் உருளும்போது ஏற்படும் தடை, ஈரச் சாலையில் பிடிமானம், ஓட்டச் சத்தம் ஆகிய மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரவரையறையின்படி அளவு இருக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022இல் விதி அறிவித்தது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இழுபறியாக நிற்பவை. மைலேஜுக்காகத் தடையைக் குறைக்கப் போனால் ஈரப் பிடிமானம் குறைய வாய்ப்புண்டு. ரப்பர்க் கலவையில் சிலிக்காவைச் சேர்த்து இரண்டையும் ஓரளவு ஒன்றாகச் சாதிக்கிறார்கள். ஆகவே கடையில் “எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்?” என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். “மழையில் எப்படிப் பிடிக்கும்?” என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால் கடைக்காரரும் அதற்கேற்ற சரக்கை எடுத்து வைப்பார்.

நல்ல டயருக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டியதும் இல்லை. 1946இல் திருவொற்றியூரில் பலூன் பொம்மை செய்யும் சிறு கூடமாக கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். இன்று ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே. டயரும் சியட்டும், தேர்வாய் கண்டிகையில் மிஷெலின், மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வண்டி டயர்களுக்குப் பெயர்பெற்ற டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா என்று தமிழ்நாடே டயர் செய்யும் மாநிலமாக நிற்கிறது. கம்பெனிப் பெயரைப் பற்றிய சண்டை எனக்கு முக்கியமில்லை. சரியான அளவு, சரியான பாரக் குறியீடு, இளம் வயது, நல்ல ஈரப் பிடிமானம் இருந்தால் எந்த நல்ல நிறுவனத்தின் டயரும் நம்மைக் கரை சேர்க்கும்.

பட்டன் டயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏலத்தோட்டத்து மண்பாதையில் சேற்றைக் கிழித்து ஏறப் பெரிய பட்டன் உள்ள டயரை ஜீப்காரர்கள் விரும்புவது நியாயம்தான். சேற்றில் அது கைகொடுக்கும். ஆனால் பட்டனுக்குப் பட்டன் இடைவெளி அதிகம் என்பதால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு; நனைந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். உங்கள் வண்டியின் ஓட்டத்தில் பெரும்பகுதி முந்தலுக்கும் மெட்டுக்கும் இடையே என்றால், மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஏ/டி வகை டயர் பொருத்தமானது. தோட்டத்துக்குள் கால் கிலோமீட்டர் சேறு இருக்கிறது என்பதற்காக மலை முழுவதும் குறைந்த பிடிமானத்தோடு இறங்குவது சரியான கணக்கல்ல.

கையில் பணம் குறைவாக இருந்து இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் அனேகமாக எல்லாரும் புதியதை முன்னால் மாட்டச் சொல்கிறார்கள். டயர் நிறுவனங்களின் அறிவுரை இதற்கு நேர்மாறானது: புதிய இரண்டும் பின்னால் போக வேண்டும். காரணம் எளிது. முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். டிரைவர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைக்க முடியும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால்பகுதி வீசித் திரும்பிவிடும். அதைத் திருத்தப் பயிற்சி பெற்றவர்களுக்கும் கடினம். இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்ந்து பின் டயர்கள் லேசாகிவிடுவதால் கொண்டை ஊசி வளைவில் இந்த ஆபத்து கூடுகிறது. மீதியுள்ள பழைய இரண்டும் முன்னால் ஓடும் தகுதியோடு இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காற்றைப் பற்றியும் மலைப்பாதையில் ஒரு தவறான பழக்கம் உண்டு. உயரத்துக்குப் போனால் டயரில் அழுத்தம் கூடும் என்று மேலே போய்க் காற்றை இறக்கிவிடுகிறார்கள். உயரம் கூடும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவது உண்மை. அதனால் அழுத்தமானி காட்டும் எண் போடிமெட்டில் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவு கூடக்கூடும். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குளிரும் கூடுகிறது. குளிரில் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் குறையும். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். நீங்கள் எதையும் இறக்க வேண்டாம். ஓடிச் சூடான டயரில் எண் கூடுவதும் இயல்பே. காலையில் வண்டி கிளம்பும்முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து, ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவை நிரப்புங்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடேறும். அதுவே வெடிப்பின் தொடக்கம். நைட்ரஜன் நிரப்பினால் நல்லது. காற்று மெல்லவே குறையும். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், சாதாரணக் காற்றிலும் 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாரம் ஒருமுறை பார்ப்பதே முக்கியம்.

பஞ்சரைப் பொறுத்தவரை, சாலையைத் தொடும் பகுதியில் ஆணி ஏறினால் ஒட்டலாம். பக்கச்சுவரில் கிழிசலோ வீக்கமோ இருந்தால் எந்த ஒட்டும் அதைக் காப்பாற்றாது. டயரை மாற்றியே ஆக வேண்டும். ரீட்ரேடிங் செய்த டயர் லாரிகளின் பின் அச்சில் முறையாக ஓடுகிறது. ஆள் ஏற்றும் ஜீப்பின் முன்சக்கரத்தில் அதற்கு இடமில்லை. யாரோ கழற்றிப் போட்ட பழைய டயரை வாங்கி மாட்டுவதும் அப்படியே. அது எந்தக் குழியில் அடிபட்டது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நல்ல டயரானாலும் அளவுக்கு மீறி ஆளை அடைத்த வண்டியைக் காப்பாற்றாது. பாரக் குறியீடு என்பது எடைக்கு இயற்பியல் போட்ட வரம்பு. அதை மீறுகிறவர் புது டயரையும் பழைய டயராக்கிவிடுகிறார்.

தோட்ட உரிமையாளர்களே, ஏல வியாபாரிகளே, ஆள் ஏற்றும் வண்டி நடத்துகிற சகோதரர்களே, உங்களிடம் உரிமையோடு சில கோரிக்கைகளை வைக்கிறேன். மழைக்கு முன் உங்கள் வண்டியின் ஐந்து டயர்களையும், ஸ்டெப்னி உட்பட, வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். ஆள்கூலி, உரம், மருந்து என்று எழுதும் கணக்குப் புத்தகத்தில் டயருக்கும் ஆண்டுதோறும் ஒரு வரி ஒதுக்குங்கள். அந்தப் பணம் உங்களுக்காகக் காய் எடுக்கும் கைகளின் பாதுகாப்புக்குப் போகிறது. அது அவர்களுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கூலியின் ஒரு பகுதி. தோட்டத்துக்கு வாடகை வண்டி பேசுகிறவர்கள் வாடகையைப் பேரம் பேசும்போதே டயரையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல டயர் போட்டு ஓட்டுகிறவருக்கு ஐம்பது, நூறு கூடக் கொடுங்கள். மலை அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரிகள், ஆவணங்களைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் டயரின் பட்டனையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வண்டியில் ஏறுகிற அக்கா, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ஏறும்முன் டயரைக் குனிந்து பாருங்கள். மொட்டையாக இருந்தால் டிரைவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒருவர் கேட்டால் எரிச்சல் வரலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் டயர் மாறும்.

டயர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அளவு, பாரக் குறியீடு, தயாரிப்பு வாரம், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஈரப் பிடிமானம் ஆகிய ஐந்தையும் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள். மலைப்பாதையில் நீங்கள் கண்ட நல்ல பழக்கங்களையும் குறைகளையும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். இந்த மழைக்காலத்தில் மலை ஏறும் ஒவ்வொருவரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதற்கான முதல் வேலையை இன்றே உங்கள் வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்